வீட்டுக்காரர் சாப்பிடுகிற சத்தம்

என் இரண்டு காதும் இப்போது நன்றாக இருக்கின்றன. பள்ளிக்கூடத்திலும் தெருவிலும் கோயில் வாசலிலும் நிறுத்தி விசாரித்தவர்களிடம் "காதில் சின்ன இன்ஃபெக்‌ஷன்" என்று பாதிக் கதையைத்தான் சொல்லி வைத்திருக்கிறேன். மீதிப் பாதியை வீதியில் நின்று சொல்ல முடியாது. சொன்னால் கேட்கிறவர்கள் என்னைப் பார்க்கிற பார்வை மாறிவிடும். என் வீட்டுக்காரரைப் பார்க்கிற பார்வை அதைவிட மோசமாக மாறிவிடும். அதனால் எழுதுகிறேன். என்னைப் போல இன்னும் சிலர் இந்த ஊரிலேயே இருப்பார்கள் என்று டாக்டரம்மா சொன்னார்கள். அவர்கள் அடுப்படியில் தனியாக நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருக்க வேண்டாம்.

விஷயம் இதுதான். என் வீட்டுக்காரர் சாப்பிடுகிற சத்தம் எனக்கு ஆகாது.

ஆகாது என்றால் பிடிக்காது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பாகற்காய்கூட எனக்குப் பிடிக்காது; ஆனால் பாகற்காயைப் பார்த்து எனக்குக் கொலைவெறி வருவதில்லை. இவர் டம்ளரை வாயில் வைத்துக் காபியை உறிஞ்சினால் எனக்கு நெஞ்சு படபடக்கும், கழுத்து சூடாகும், விரல்கள் தானாக மடங்கும். கையில் கரண்டி இருந்தால் முதலில் அதைக் கீழே வைத்துவிடுவேன். கொஞ்ச நேரத்தில் எல்லாம் வடிந்து, இந்த நல்ல மனுசனைப் போய் இப்படி நினைத்தோமே என்று அழுகை வரும். இது காபிக்கு மட்டும். மிக்சர் என்றால் நான் மொட்டை மாடிக்கே போய்விடுவேன்.

இத்தனைக்கும் நான் சத்தத்துக்குப் பயந்தவள் கிடையாது. சங்கரன்கோவிலில் தறி ஓடுகிற தெரு ஒன்றில் எங்கள் வீடு. வீட்டை ஒட்டியே எங்கள் விசைத்தறிக் கூடம். புதிதாக வருகிற விருந்தாளிக்கு அந்த இரைச்சலில் தலைவலி வந்துவிடும். நான் அந்தச் சுவரில் தலையைச் சாய்த்துத்தான் ஞாயிற்றுக்கிழமை மதியம் தூங்குவேன். வேலை பார்ப்பது ஒன்றாம் வகுப்பு டீச்சராக. மழை நாளில் மைதானத்துக்கு விட முடியாத ஒன்றாம் வகுப்பைப் பார்த்திருக்கிறீர்களா? அதையும் தாங்குவேன். கோயில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கட்டுகிற குழாய் ரேடியோ எங்கள் ஜன்னலுக்கு நேரே தொங்கும். ஒரு வருடம்கூட வாய் திறந்ததில்லை. அடுத்த வீட்டு அண்ணாச்சி ஒரு தூக்குவாளி நிறைய முறுக்கைக் கடிக்கட்டும், எனக்கு ஒன்றும் செய்யாது. இவர் ஒரு முறுக்கைக் கடித்தால்தான் செய்யும்.

கல்யாணமான மறுநாள் காலைக் காபியிலேயே எனக்கு இது தெரிந்துவிட்டது. ஆனாலும் வண்டி ஓடியது. நம் ஊர் வழக்கம் என்னைக் காப்பாற்றியது. சோற்றையும் குழம்பையும் பரிமாறி வைத்துவிட்டு, ரசத்தை எடுத்து வருகிற சாக்கில் அடுப்படிக்குள் போய் மிக்சியைப் போட்டுவிடுவேன். ஒரு வீட்டில் தினமும் மதியமும் இரவும் எதற்கு மிக்சி ஓடுகிறது என்று யாரும் கேட்கவில்லை. இவர் கை கழுவிய பிறகுதான் நான் தட்டை எடுப்பேன். என் நாத்தனார் செல்வி வாசுதேவநல்லூரில் இருக்கிறாள். இந்தக் காலத்தில் புருசன் சாப்பிட்டு முடிக்காமல் சோற்றில் கை வைக்காதவள் எங்கள் அண்ணி ஒருத்திதான் என்று அவள் அங்கே பெருமையாகச் சொல்லிவைத்திருந்தாள். கேட்கும்போதெல்லாம் நான் மிக்சியைத் துடைக்கப் போய்விடுவேன்.

எங்கள் ஒரே மகள் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போனாள். அதுவரை சாப்பாட்டு நேரத்தில் இவருக்குப் பேச்சுத்துணை அவள்தான். அவள் போன அன்றைக்கு ராத்திரி இவர் தன் தட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு தட்டைப் போட்டார்.

"ரெண்டு பேருதான இருக்கோம் கோமதி, இனிமே சேந்தே சாப்புடுவோம்" என்றார்.

மறுக்க எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. உட்கார்ந்தேன். தினமும் உட்கார்ந்தேன். பாதிச் சாப்பாட்டில் என் கை தானாகப் போய்க் காதைப் பொத்தும். இவர் கவனிக்கிறவர்தான். என்ன, காதில் வலியா என்று கேட்டார். "காது ஒரு மாதிரி இருக்கு" என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை, பாருங்கள். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு இவர் வைத்தியத்தில் இறங்கிவிட்டார்.

எங்கள் கோயில் புற்றுமண்ணைப் பற்றி இந்தப் பக்கத்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அம்மன் பிரசாதமாக அது கிடைக்கும். நெற்றியில் இடுவார்கள், சொறி சிரங்குக்குப் பூசுவார்கள், நம்பிக்கை கூடியவர்கள் ஒரு சிட்டிகை வாயிலும் போட்டுக்கொள்வார்கள். இவர் காலையிலேயே குளித்துவிட்டுப் போய் வேண்டிக்கொண்டு வாங்கி வந்தார். தோலுக்குப் பூசுகிற மருந்து உள்ளே இருக்கிற வலிக்கு எப்படிப் போய்ச் சேரும் என்று ஒரு நாள் பூராவும் யோசித்திருக்கிறார். கடைசியில் நல்லெண்ணெயை இளஞ்சூடாகக் காய்ச்சி, மண்ணை அதில் குழைத்து, என்னைப் பாயில் ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி, பிள்ளைக்குப் பால் புகட்டுகிற பாலாடையால் காதுக்குள் விட்டார். அவ்வளவு மெதுவாக, அவ்வளவு கவனமாக விட்டார். ஒரு காதோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. மற்றக் காது என்ன பாவம் செய்தது என்று திரும்பிப் படுக்கச் சொன்னார். அம்மன் மேல் ஒரு குற்றமும் இல்லை. அவள் யாரையும் காதில் ஊற்றச் சொன்னதில்லை.

எழுந்து உட்கார்ந்ததும் எனக்கு உலகம் ஊமையாகிவிட்டது. இவர் ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார். தோசையைப் பிய்த்து வாயில் போட்டார். தாடை அசைகிறது, சத்தம் இல்லை. எனக்குப் பொங்கி வந்த சந்தோஷத்தில் இன்னும் இரண்டு தோசை ஊற்றினேன். "கேக்குதா, குறைஞ்சிருக்கா?" என்று இவர் கேட்டது வாயசைவில் தெரிந்தது. ரொம்பக் குறைந்திருக்கிறது என்று தலையாட்டினேன். அப்படிச் சொன்னது எவ்வளவு பெரிய தப்பு என்று எண்ணெய் வடிந்து, மண் காய்ந்து, காது விண்விண்ணென்று தெறிக்கும்போதுதான் தெரிந்தது. காய்ச்சலும் வந்தது. உள்ளூர் டாக்டர் டார்ச்சை அடித்துப் பார்த்துவிட்டு, "டீச்சர், இது என்ன, காதுக்குள்ள காரை பூசியிருக்கு?" என்று கேட்டுவிட்டுத் திருநெல்வேலிக்கு எழுதிக் கொடுத்தார்.

திருநெல்வேலியில் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் காது மூக்கு தொண்டை டாக்டரம்மா இருந்தார்கள். வெளிக்காதுக் குழாயில் புண்ணாகி வீங்கியிருக்கிறது, வீக்கம் வடியாமல் மண்ணை எடுக்க முடியாது என்று இவரிடம் சொன்னார்கள். எனக்குச் சர்க்கரை உண்டு. சர்க்கரை உள்ளவர்களுக்குக் காதில் வருகிற புண் சில சமயம் எலும்புக்குப் பரவிவிடுமாம். அதனால் ஸ்கேன் எடுக்க வேண்டும், ஊசி மருந்து ஏற்ற வேண்டும், பெட்டில் சேர்ந்துவிடுங்கள் என்றார்கள். எனக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. இவர் முகம் வெளுத்ததைப் பார்த்துத்தான் விஷயம் பெரிது என்று தெரிந்துகொண்டேன்.

ஸ்கேன் அறைக்கு வெளியே வெகுநேரம் காத்திருந்தோம். நர்ஸுகள் என் முகத்துக்கு நேரே கத்தினார்கள். செல்வி வாசுதேவநல்லூரிலிருந்து தூக்குச்சட்டியோடு வந்து, சாப்பிடு என்பதை ஒரு தாளில் எழுதிக் காட்டினாள். இவருக்கும் எனக்கும் அதெல்லாம் தேவைப்படவில்லை. தறி ஓடும்போது யாரும் குரலால் பேச முடியாது; உதட்டை அகலமாக அசைத்தும் கையைக் காட்டியும்தான் பேசிக்கொள்வோம். பாவு நூல் அறுந்துவிட்டது, கரண்ட் வரும், டீ வாங்கி வா, இவன் சரியில்லை என்று எல்லாவற்றுக்கும் எங்களிடம் கை இருக்கிறது. பயப்படாதே என்பதற்கு மட்டும் கை இல்லை. தறியில் அதற்கு வேலை வந்ததில்லை. இவர் என்ன காட்டுவது என்று தெரியாமல், கரண்ட் வரும் என்பதையே காட்டிக்கொண்டிருந்தார். எலும்புக்குப் பரவவில்லை என்று ஸ்கேன் சொன்னபோது அதே கையை இன்னொரு தரம் காட்டிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்றைக்குக் காலையிலிருந்து இவர் சாப்பிடவில்லை என்று செல்வி எழுதிக் காட்டினாள். மண்ணை ஊற்றியவர் அவர்தானே, அதனால் தனக்குத் தானே தண்டனை. நான் கையைப் பிடித்து உட்கார வைத்து, புளியோதரையைத் தட்டில் போட்டு, என் கட்டிலில் எனக்கு எதிரே சாப்பிடச் சொன்னேன். இத்தனை வருடத்தில் நான் இவர் சாப்பிடுவதை ஒழுங்காக உட்கார்ந்து பார்த்ததே இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. கேட்டிருக்கிறேன், பார்த்ததில்லை. முதல் வாயை வைத்ததும் இவர் கண்ணை மூடிக்கொள்வார் போலிருக்கிறது. சோற்றில் ஒரு வேர்க்கடலை தட்டுப்பட்டால் புருவம் மேலே போகிறது. பிடித்ததைத் தட்டின் ஓரத்தில் கடைசிக்கு ஒதுக்கி வைத்துக்கொள்கிறார், என் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளைப் போல. எனக்குச் சிரிப்பு வந்தது, இந்த மனுசன்மேல் ஆசையும் வந்தது. பக்கத்துக் கட்டிலில் சிவகிரிக்கார அம்மா ஒருவர் மூக்கில் பஞ்சோடு படுத்திருந்தார். புருசன் சாப்பிடுவதை இப்படி வாயைப் பிளந்து பார்க்கிறவளை அவர் கண்டதே இல்லை என்று செல்வியிடம் சொன்னாராம்.

அங்கே இருந்த நாட்கள் முழுக்க நாங்கள் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். ஊசி வலித்தது, காதுக்குள் வைத்த மருந்துத் திரி உயிரை எடுத்தது, ஆனாலும் சாப்பாட்டு நேரம் எப்போது வரும் என்று காத்திருந்தேன். இவருக்கும் தெம்பு வந்துவிட்டது. வீட்டுக்குப் போனாலும் இப்படியே உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று கையால் காட்டினார். அப்போதுதான் எனக்குத் திக்கென்றது. காது குணமாகிவிட்டால் இது போய்விடும்.

வீக்கம் வடிந்ததும், மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே சின்னக் குழாயால் மண்ணை உறிஞ்சி எடுக்கிற அறைக்குக் கூட்டிப்போனார்கள். வலது காதைத் திறந்துவிட்டார்கள். மின்விசிறிச் சத்தம், டிராலிச் சக்கரச் சத்தம் எல்லாம் உள்ளே வந்து விழுந்தன. டாக்டரம்மா இடது காதுக்கு வந்தபோது நான் அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"டாக்டர், இந்தக் காதை மட்டும் அப்படியே விட்டுருங்களேன்" என்றேன். எங்கள் வீட்டில் இவர் எனக்கு இடப்பக்கம்தான் உட்காருவார்.

டாக்டரம்மா சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் உதவிக்கு நின்ற நர்ஸை வெளியே அனுப்பிவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். ஒருத்தரிடமும் சொல்லாததை எல்லாம் அந்த நாற்காலியில் சாய்ந்தபடியே சொன்னேன். காபி, மிக்சர், மொட்டை மாடி, மிக்சி, கரண்டியைக் கீழே வைப்பது, எல்லாம். எனக்குப் பைத்தியமா, இல்லை மனசுக்குள் இவரை வெறுக்கிறேனா என்று கேட்டேன். இடது காதையும் சுத்தம் செய்துகொண்டே அவர்கள் பதில் சொன்னார்கள்.

இதற்கு மிசோபோனியா என்று பெயராம். பெயர் இருக்கிறது என்பதே எனக்குப் பாதி மருந்தாக இருந்தது. எல்லாச் சத்தமும் பெரிதாகக் கேட்டு வலிக்கிற நோய் வேறே இருக்கிறது. இது அது இல்லை. இதில் காது ஒழுங்காக வேலை செய்யும். சில குறிப்பிட்ட சத்தங்கள், பெரும்பாலும் மெல்லுவது, உறிஞ்சுவது, மூக்கை இழுப்பது போன்றவை, உள்ளே போனதும் ஆபத்து வந்துவிட்டதைப் போல உடம்பு எழுந்து நிற்கும். கோபம் வரும், அருவருப்பு வரும், பிறகு குற்றவுணர்ச்சி வரும். பலருக்கு நெருங்கியவர்கள் போடுகிற சத்தத்தில்தான் இது அதிகமாக வருமாம். "அவர்மேல பாசம் இல்லாததால வர்றது இல்லம்மா" என்றார்கள். மாத்திரை கிடையாது. பின்னணியில் வேறு ஏதாவது சத்தம் ஓடினால் தணியும், மனநல ஆலோசகரிடம் பேசினால் சமாளிக்கப் பழகலாம், ஆனால் முதலில் வீட்டுக்காரரிடம் சொல்லியாக வேண்டும் என்றார்கள்.

சந்தேகத்துக்குக் காது கேட்கும் திறனையும் பார்த்தார்கள். வெளிச்சத்தம் நுழையாத சின்ன அறையில் உட்கார வைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, எந்தச் சத்தம் கேட்டாலும் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். அப்படி ஓர் அமைதியை நான் பிறந்ததிலிருந்து அனுபவித்ததில்லை. என் வயிறு உருமுவது எனக்கே கேட்டது. அதற்கும் பட்டனை அமுக்கினேன். டெஸ்ட் எடுத்த பெண் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குழம்பிப் போய் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். கடைசியில் காது அருமையாக இருக்கிறது என்று வந்தது.

டிஸ்சார்ஜ் அன்று பில் போடுகிற கவுண்டருக்கு எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். மண் சும்மா கிடைத்தது. அதை எடுத்த செலவை இங்கே சொன்னால் அம்மனே சங்கடப்படுவாள். இவர் காகிதக் கப்பில் டீ வாங்கி வந்தார். வாயருகே கொண்டுபோனபோது என் விரல்கள் மடங்கத் தொடங்கின. இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல மாட்டேன் என்று தோன்றியது. சொல்லிவிட்டேன். டாக்டரம்மா சொன்ன பெயரையும் விளக்கத்தையும் பாடம் நடத்துகிற மாதிரி வரிசையாகச் சொன்னேன்.

இவர் கப்பை இறக்கிவிட்டார். எவ்வளவு நாளாக என்று கேட்டார். கல்யாணத்துக்கு மறுநாளிலிருந்து என்றேன். மிக்சியும் இதற்குத்தானா என்று கேட்டார். ஆமாம் என்றேன். கப்பைப் பெஞ்சில் தனக்கு எட்டாத தூரத்துக்கு நகர்த்தி வைத்தார்.

"அப்பம் அந்த மண்ண ஒன் காதுல போட்டுருக்கப்படாது" என்றார். "என் வாயில போட்டுருக்கணும்."

எனக்குப் பொத்துக்கொண்டு சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. அவர் வேடிக்கையாகச் சொல்லவில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. எனக்கு அவ்வளவு வெட்கமாக இருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு இவர் சத்தமில்லாமல் சாப்பிடுகிறேன் என்று ஒரு வழி கண்டுபிடித்தார். மெல்லுவதையே நிறுத்திவிட்டார். மோரில் கரைத்த சோறு, பாலில் ஊறிய இட்லி. காபியை அண்ணாந்து ஊற்றிக்கொண்டு நாக்கை வேகவைத்துக்கொண்டார். மெல்லாமல் விழுங்கியதில் விக்கல் வந்தது. விக்கல் சத்தம் எனக்கு ஒன்றும் செய்யாது என்று சொன்னாலும் நம்பாமல் வாயைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினார். போனில் அருவிச் சத்தம் போட்டுப் பார்த்தோம். எனக்குக் கொஞ்சம் உதவியது. இவர் சாப்பாட்டுக்கு நடுவே இரண்டு தரம் பாத்ரூம் போய்வந்தார். கடைசியில் மதியச் சாப்பாட்டை வெளியே எங்கேயோ முடித்துக்கொள்கிறேன் என்றார். தெருவில் தலை நிமிர்ந்து நடக்கிற மனுசன் சொந்த வீட்டில் திருடனைப் போல விழுங்குகிறாரே என்று எனக்கு அழுகை வந்தது. இப்படியே போனால் நோய் எனக்கு, பட்டினி அவருக்கு என்றாகிவிடும்.

ஒரு சனிக்கிழமை மதியம் ஏதோ கேட்பதற்காகத் தறிக்கூடத்துக்குள் போனேன். வாசல் ஓரம், பஞ்சு பறக்காத இடத்தில், இவர் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வெளியே என்று சொன்னது இதைத்தான். தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. என்னைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார். நான் பக்கத்தில் போனேன். தரையில் உட்கார்ந்தேன். மெல்லுங்கள் என்று கையால் காட்டினேன். பயந்து பயந்து மென்றார். சுவர் தாண்டி வீட்டுக்குள் வருகிற இரைச்சல் இவர் மெல்லுவதை மறைத்ததில்லை; இங்கே எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. பின்னணியில் சத்தம் வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னதற்கு அருவியைத் தேடி அலைந்தோமே தவிர, சுவருக்கு அந்தப் பக்கம் ஓடுவது எங்கள் இரண்டு பேர் மூளைக்கும் எட்டவில்லை. அது எங்களுக்குச் சத்தமாகவே தோன்றாததுதான் காரணம்.

அப்புறம் விடுமுறை நாளில் எல்லாம் மதியச் சாப்பாடு தறிக்கூடத்தில்தான். தறி ஓட்டுகிறவர்கள் முதலில் தங்களுக்குள் ஏதோ கை காட்டிச் சிரித்தார்கள். அந்தக் கை எனக்குத் தெரியாது என்று நினைத்துவிட்டார்கள், பாவம். எனக்குத் தைரியம் வந்தது. போன ஞாயிற்றுக்கிழமை முருங்கைக்காய் சாம்பார் வைத்தேன். இவருக்கு முருங்கைக்காய் என்றால் உயிர். கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை வைத்தேன். இவர் அதைச் சப்பிய சத்தத்துக்குப் பிறகு எங்கள் வீட்டு வாசற்படியை முருங்கைக்காய் மிதித்ததில்லை.

எதிரெதிரே உட்கார்ந்தோம். இவர் ஒரு துண்டை எடுத்தார். பல்லால் பிளந்து, கண்ணை மூடிக்கொண்டு சப்பத் தொடங்கினார். நான் பார்த்து ரசித்துக்கொண்டிருந்தேன். அப்போது கரண்ட் போனது.

எல்லாத் தறிகளும் ஒரே நேரத்தில் நின்றன. தெரு முழுக்க நின்றது. அவ்வளவு அமைதியில் இவர் கண்ணைத் திறந்தார். வாயில் முருங்கைக்காய், பாதி உள்ளே, பாதி வெளியே. சப்பவும் இல்லை, எடுக்கவும் இல்லை. அசையாமல் என்னையே பார்த்தார். வேர்த்துவிட்டது அவருக்கு. கரண்ட் வருகிற வழியாக இல்லை.

"சாப்புடுங்க" என்றேன்.

இவர் தலையை மெதுவாக இல்லை என்று ஆட்டினார்.

"நான் இங்கனதான் இருப்பேன். நீங்க சாப்புடுங்க."

சப்பினார். நெஞ்சு படபடத்தது, கழுத்து சூடானது, விரல்கள் மடங்கின. எல்லாம் வழக்கம்போல வந்தன. கையில் கரண்டி இருந்தது. நான் எழுந்திருக்கவில்லை. அந்தக் கரண்டியைச் சாம்பாருக்குள் விட்டு இன்னொரு முருங்கைக்காயைத் தேடி எடுத்து அவர் தட்டில் வைத்தேன்.